பென்டிரைவ் சுமந்து செல்வதற்கு. சேமித்து வைப்பதற்கு அன்று

(கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துள்ள மாணவ மாணவியர், பெற்றோர் ஆகியோருக்காக நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டுதல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

உதவித்தொகைக்கு என்னென்ன தகுதி, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் முன்னால் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். நாங்கள் பேசப்போவது சின்ன விஷயம்தான். உங்களில் பலருடைய சட்டைப் பையிலும், கைப்பையிலும், பைக் சாவிக் கொத்திலும் இப்போது இருக்கிற பென்டிரைவைப் பற்றி.

விண்ணப்பம் வாங்கும் நாட்களில் எங்கள் அலுவலக மேசைக்கு அதிகமாக வந்து சேரும் பொருள் அதுதான். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் போட்டுக் கொண்டுவருகிறீர்கள். பெரும்பாலானவை திறக்கின்றன. சில திறப்பதில்லை. திறக்காதபோது அந்தப் பிள்ளையின் முகம் மாறிப்போவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். "வேறு காப்பி இருக்கிறதாம்மா?" என்று கேட்டால், "இல்லைங்க, இதில் மட்டும்தான் இருக்கிறது" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த "மட்டும்தான்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பென்டிரைவ் ஒரு நல்ல பொருள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒன்றைக் கொண்டுபோவதற்கு அதைவிட எளிதான பொருள் இல்லை. ஆனால் அது பை, பெட்டகம் அன்று. பையில் போட்டுக் கொண்டுபோகலாம். வீட்டுப் பத்திரத்தை வருடக்கணக்கில் பையிலேயே வைத்திருக்க மாட்டோம் அல்லவா?

உள்ளே என்ன இருக்கிறது?

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது புரிய வேண்டுமானால் அதன் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் உருவாக்கினார். இன்று பென்டிரைவ்களிலும் செல்போன்களிலும் இருக்கும் நேண்ட் என்ற வகையை 1987இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் பென்டிரைவாக அது கடைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில். சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனமும் டிஸ்க் ஆன் கீ என்று ஒன்றை விற்றது. அதன் கொள்ளளவு 8 எம்.பி. இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது சரியாகிவிடும். ஆனால் அன்று பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி.தான். ஐந்து பிளாப்பியில் இருப்பது ஒரு சாவி அளவுப் பொருளில் அடங்கியது அன்று அதிசயம். இன்று நாம் சாதாரணமாக வாங்கும் 64 ஜி.பி. பென்டிரைவ் அதைப்போல 8,000 மடங்கு.

இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு எப்படி அடங்கியது? அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் மின்னூட்டத்தை அடைத்துவைப்பதன் மூலமாகத்தான் நம்முடைய படமும் எழுத்தும் பதிவாகின்றன. ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் குடம் நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலும் நிறைகுடத்தை வெறுங்குடம் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். பிறகு அதே குடத்தில் இன்னும் அதிகமான செய்தியைச் சொல்ல, நீர்மட்டத்துக்கு 4 கோடுகள் போட்டார்கள். அடுத்து 8 கோடுகள். இப்போது 16 கோடுகள் போட்ட சிப்புகளும் வருகின்றன. கோடுகள் நெருங்க நெருங்க, கொஞ்சம் கசிந்தாலே ஒரு கோடு தவறிவிடும். ஒரு கோடு தவறினால் படிக்கும்போது எழுத்து மாறிவிடும்.

இரண்டாவது விஷயம் தேய்மானம். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அறையின் சுவர் கொஞ்சம் பலவீனமாகிறது. பழைய காலத்து ஒரு மட்டச் சிப்புகள் ஏறக்குறைய 1,00,000 தடவை எழுதி அழிப்பதைத் தாங்கும். இன்றைய மலிவான பென்டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் 8 மட்டச் சிப்புகள் ஆயிரக்கணக்கில்தான் தாங்கும். 16 மட்டச் சிப்புகள் அதையும்விடக் குறைவு. வீட்டு உபயோகத்துக்கு இதுவே தாராளம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடையில் சி.சி.டி.வி. பதிவுக்கோ, தினசரிக் கணக்கை மறுபடி மறுபடி எழுதுவதற்கோ சாதாரணப் பென்டிரைவைப் போட்டுவைத்திருக்கும் வியாபாரிகள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எழுதாமல் சும்மா வைத்திருந்தாலும் மின்னூட்டம் மெதுவாகக் கசியும். வெப்பம் அதிகமானால் கசிவும் அதிகமாகும். ஆகவே பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்தோம், யாரும் தொடவில்லை, அதனால் அப்படியே இருக்கும் என்ற எண்ணம் காகிதத்துக்குப் பொருந்தும். பென்டிரைவுக்குப் பொருந்தாது.

வேகம்: பெட்டியில் போட்டிருப்பதும் கையில் கிடைப்பதும்

இனி வேகத்துக்கு வருவோம். "அட்டையில் 100 எம்.பி. என்று போட்டிருக்கிறது, ஆனால் ஒரு கல்யாண வீடியோவைக் காப்பி எடுக்க அரை மணி நேரம் ஆகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்கிறார்கள். எப்போதும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 தரத்தின் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட் என்று எழுதுவார்கள். 8ஆல் வகுத்தால் 60 மெகாபைட். அதிலும் நடைமுறையில் கிடைப்பது 30, 40 மெகாபைட்தான். 2008இல் அறிவிக்கப்பட்ட யூ.எஸ்.பி. 3.0இன் வேகம் வினாடிக்கு 5 ஜிகாபிட். அதாவது பழையதைவிடப் பத்து மடங்குக்கு மேல். இந்தத் தரத்துக்குப் பிறகு 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் பெயரை மாற்றினார்கள். மூன்றும் ஒரே வேகம்தான். எண் பெரிதாக இருக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு, அந்த வேகம் பாதையின் வேகமே தவிர வண்டியின் வேகம் அன்று. நான்கு வழிச் சாலையில் மாட்டு வண்டி போனால் மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். பென்டிரைவில் படிக்கும் வேகம் ஒன்று, எழுதும் வேகம் ஒன்று. அட்டையில் பெரிய எழுத்தில் போடுவது படிக்கும் வேகத்தை. அதுவும் "அதிகபட்சம்" என்ற சிறிய சொல்லோடு. எழுதும் வேகத்தைப் பலர் போடுவதே இல்லை. மலிவான பென்டிரைவ்களில் எழுதும் வேகம் வினாடிக்கு 10 மெகாபைட், சிலவற்றில் அதற்கும் கீழே இருக்கும்.

மூன்று, எங்கே செருகுகிறோம் என்பது. கணினியில் பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையில் 3.0 பென்டிரைவைச் செருகினால் அது 2.0 வேகத்தில்தான் ஓடும். 3.0 துளையின் உள்பக்கம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மேசைக் கணினியில் முன்பக்கத் துளை மெதுவாக இருந்தால் பின்பக்கம் செருகிப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிகாஹ் வீடியோ 20 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேகம் வினாடிக்கு 10 மெகாபைட் என்றால் 2,000 வினாடி. 33 நிமிடத்துக்கு மேல். 30 மெகாபைட் என்றால் 11 நிமிடம். 100 மெகாபைட் என்றால் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே வாங்கும்போது "எழுதும் வேகம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். காப்பி எடுக்கத் தொடங்கும்போது வேகமாக ஓடும். கொஞ்ச நேரத்தில் நொண்டும். சில பென்டிரைவ்கள் முதலில் வருவதை வேகமான ஒரு சிறு பகுதியில் வாங்கிக்கொள்கின்றன. அது நிறைந்ததும் உண்மையான வேகம் தெரிகிறது. சில சமயம் கணினியே தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு வேகமாகப் போவதுபோலக் காட்டும். அடுத்தது, ஒரே 5 ஜி.பி. வீடியோ சீக்கிரம் போய்விடும்; அதே 5 ஜி.பி. அளவில் சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் வெகுநேரம் எடுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், இடம் என்று பதிவேட்டில் தனித்தனியாக எழுத வேண்டியிருப்பதுதான் காரணம். அப்படிப்பட்டவற்றை ஒரே ஜிப் கோப்பாக்கிவிட்டுக் காப்பி எடுத்தால் நேரம் மிச்சமாகும்.

"இடம் இருக்கிறது, ஆனால் பெரிய வீடியோ ஏறமாட்டேன் என்கிறது" என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. பென்டிரைவ் ஃபேட்32 என்ற அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் ஏற்கும். மாற்றும்போது உள்ளே இருப்பது போய்விடும். முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கிராஅத், பயான் கேட்பதற்காகக் காரில் போடும் பென்டிரைவை மட்டும் ஃபேட்32இலேயே விட்டுவிடுங்கள். பழைய கார் ஸ்டீரியோக்கள் பல அதை மட்டும்தான் படிக்கும்.

போலிச் சரக்கு

மெதுவாக ஓடுவதால் நேரம்தான் போகும். போலியால் பொருளே போய்விடும். 2 டி.பி. பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்கு என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. அந்த விலைக்கு அவ்வளவு சிப் யாராலும் கொடுக்க முடியாது. உள்ளே இருப்பது 8 ஜி.பி.யோ 16 ஜி.பி.யோதான். கணினி கேட்கும்போது "நான் 2 டி.பி." என்று பொய் சொல்லும்படி அதைத் திருத்திவிடுகிறார்கள்.

இதில் மோசமான விஷயம், ஏமாந்தது உடனே தெரியாது. முதல் சில ஜி.பி. ஒழுங்காக ஏறும், திறக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் கணினி "காப்பி முடிந்தது" என்றுதான் சொல்லும். கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சில போலிகளில் புதிதாக ஏற்றுவது பழையதன் மேலேயே ஏறி, பழையதையும் அழித்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் தேடும்போதுதான் தெரியவரும். அதற்குள் போனிலிருந்து அசலை அழித்திருப்போம்.

சோதிக்க வழி இருக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவ் முழுவதையும் எழுதி நிரப்பி, மறுபடி படித்துச் சரிபார்க்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு எஃப்3 என்று ஒன்று உண்டு. பென்டிரைவ் புதிதாக, காலியாக இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். 64 ஜி.பி.யை வினாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் எழுதி முடிக்கவே 1 மணி 45 நிமிடத்துக்கு மேலாகும். படிக்கும் நேரம் தனி. பொறுமையோடு ஒரு தடவை செய்துவிட்டால் மனம் நிம்மதி.

ஒரு விளக்கம்: 64 ஜி.பி. வாங்கினால் விண்டோஸ் கணினி 59 ஜி.பி. சொச்சம் என்றுதான் காட்டும். அது மோசடி அன்று. நிறுவனம் 1,000ஆல் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான்.

எப்படிக் கெடுகிறது?

ஹார்ட் டிஸ்க் கெடப்போகிறது என்றால் சில சமயம் சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். பென்டிரைவ் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. நேற்று திறந்தது, இன்று திறக்காது. உள்ளே நினைவுச் சிப்பும், அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பும் இருக்கின்றன. இரண்டாவது பழுதானால், முதல் சிப்பில் எல்லாம் நன்றாக இருந்தும் நம்மால் எடுக்க முடியாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவது முதல் காரணம். விண்டோஸ் 10இல் 2018 முதல் பென்டிரைவை உடனே பிடுங்கினாலும் பாதகமில்லாத முறையை வழக்கமாக்கியிருக்கிறார்கள். ஆனால் கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த விண்டோஸும் காப்பாற்றாது. பழைய கணினி, டிவி, கார் இவற்றிலும் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. "எஜெக்ட்" கொடுத்துவிட்டு எடுப்பதற்கு ஐந்து வினாடிதான் ஆகும்.

வெப்பம் அடுத்தது. பல பென்டிரைவ்களுக்கு வேலை செய்யும் வெப்ப எல்லை 60 டிகிரி வரைதான்; சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டிவிடும். அங்கே பாட்டுப் பென்டிரைவ் இருக்கட்டும்; பத்திரம் இருக்க வேண்டாம்.

செருகும் முனையும் தேயும். சாதாரணச் செவ்வக யூ.எஸ்.பி. முனைக்கு விதித்த தரமே குறைந்தது 1,500 தடவை செருகி எடுப்பது. சாவிக் கொத்தில் தொங்கி, பையில் நசுங்கி, லேப்டாப்பில் செருகியிருக்கும்போது முழங்கை பட்டு வளைந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

வைரஸும் இருக்கிறது. பல கைகள் பட்ட ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தால், போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும், அழிந்திருக்காது. தெரிந்தவரிடம் காட்டுங்கள். பென்டிரைவ் வழியாக வைரஸ் பரவுவது சின்ன விஷயம் அன்று. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் அணு நிலையக் கணினிகளுக்குள் பென்டிரைவ் வழியாகவே நுழைந்ததாகக் கருதப்படுகிறது. வழியில் கிடந்த பென்டிரைவை எடுத்து, என்ன இருக்கிறது பார்ப்போம் என்று செருகவே செருகாதீர்கள்.

எதை இழக்கிறோம்?

இதெல்லாம் முன்னூறு ரூபாய்ப் பொருளைப் பற்றிய பேச்சா என்று தோன்றலாம். போனது பொருளாக இருந்தால் நாங்கள் பேசியிருக்க மாட்டோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். கணவர் வளைகுடாவில் வேலையில் இருக்கும்போதே வபாத்தாகிவிட்டார். உதவித்தொகை விஷயமாக வந்தவர், போகும்போது தயங்கித் தயங்கி ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தார். கணவர் பிள்ளைகளுக்கு அனுப்பிய குரல் செய்திகள் அதில் இருந்தனவாம். போனில் இடம் போதவில்லை என்று மகன் அதில் மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டான். இப்போது திறக்கவில்லை. "கடைசிப் பிள்ளைக்கு அவங்க அத்தா குரல் ஞாபகம் இல்லைங்க. பெரியவளானதும் கேட்க வைக்கலாம்னு வச்சிருந்தேன்" என்றார். விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினோம். ஒன்றும் எடுக்க முடியவில்லை. அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறோம். "நாலு பேருக்கு உபயோகப்படும்னா சொல்லுங்க" என்றார். பையன் செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. பென்டிரைவில் ஏற்றினால் பத்திரம் என்று நாம் எல்லாரும் நினைப்பதைத்தான் அவனும் நினைத்தான்.

சான்றிதழை மறுபடி வாங்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் போயின. சிறப்பு முகாம் நடத்தி மறுபடி கொடுத்தார்கள். அத்தாவின் குரலுக்கு முகாம் நடத்த யாராலும் முடியாது.

என்ன செய்யலாம்?

புகைப்படக் கலைஞர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அதைப் பரவலாக்கினார். மூன்று, இரண்டு, ஒன்று. எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு வகைப் பொருளில். ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கணினியில் அல்லது போனில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ ஒன்று. உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பென்டிரைவில் வைத்து, இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைப்பது இரண்டு பிரதி ஆகாது.

சான்றிதழ்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. 2015இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். அதில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்கள் ஸ்கேன் செய்து ஏற்றுவது பிரதி மட்டுமே. அந்த வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேன் பிரதிகளை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு தடவை அனுப்பிவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், எழுத்து மங்கிவிடும்.

மற்றபடி, வருடத்துக்கு ஒரு தடவையாவது பென்டிரைவைத் திறந்து, நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். முக்கியமானதைப் புதியதற்கு ஒரு தடவை மாற்றுங்கள். நோன்புக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்கிறோம் அல்லவா, அந்த நாட்களில் இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. காப்பி எடுத்ததும் அசலை அழிக்காதீர்கள். பிரதியைத் திறந்து, கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு பிரதியும் எடுத்த பிறகு அழியுங்கள்.

ஒருவேளை திறக்கவில்லை, "ஃபார்மேட் செய்யவா?" என்று கணினி கேட்கிறது என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். வேறு துளையில், வேறு கணினியில் ஒரு தடவை பாருங்கள். புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பல சமயம் மீட்டுக் கொடுக்கும். மீட்டதை வேறு இடத்தில்தான் சேமிக்க வேண்டும். கணினிக்கே அது தெரியவில்லை என்றால் மென்பொருளால் ஆகாது. அதைத் திறந்து மீட்பவர்கள் இருக்கிறார்கள்; ஆயிரக்கணக்கில் செலவாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

பிறர் பொருள்

கடைசியாக ஒன்று. உங்கள் பென்டிரைவில் உங்கள் பொருள் மட்டும் இருப்பதில்லை. வீட்டுப் பெண்களின் படங்கள், பிள்ளைகளின் ஆதார், பக்கத்து வீட்டுக்காரர் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தது எல்லாம் இருக்கும். அதெல்லாம் அமானிதம். ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது அன்றைக்குத் தேவையானதை மட்டும் தனிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடைக் கணினியில் காப்பி எடுத்திருந்தால், உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அழித்தாலும், விரைவாக ஃபார்மேட் செய்தாலும், பழையதை மென்பொருளால் எடுக்க முடியும் என்பதைச் சற்று முன் சொன்னோம். ஆகவே பழைய பென்டிரைவை யாருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். கெட்டுப்போனதை உடைத்துப் போடுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிகாஹ் தஃப்தரையும் பள்ளிவாசலின் பழைய பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருப்பது மிக நல்ல காரியம். அது ஒரே பென்டிரைவில், ஒருவருடைய மேசை இழுப்பறையில் இருந்தால், பொறுப்பாளர் மாறும்போது அதுவும் மாறிப்போகும். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் வேறொரு பொறுப்பாளரிடம், எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து, இவ்வளவு போதும். காகித அசலை எக்காரணம் கொண்டும் அப்புறப்படுத்த வேண்டாம். கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்டால் நல்ல காகிதம் நூறு வருடம் நிற்கும். பென்டிரைவுக்கு அப்படி யாரும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், கல்லூரி மாணவர்கள் இருவர் நமது அலுவலகத்தில் இருப்பார்கள். பென்டிரைவ் போலியா என்று சோதித்துத் தருவார்கள்; டிஜிலாக்கர் கணக்குத் திறக்க உதவுவார்கள்; நீங்கள் கொண்டுவரும் ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் கண்முன்னேயே இரண்டாவது பிரதி எடுத்துத் தருவார்கள். கட்டணம் இல்லை. எங்கள் கணினியில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். பெண்களுக்கு வசதியாக ஒரு மாணவியும் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.

விண்ணப்பம் கொடுக்க வரும் மாணவர்கள் இனிமேல் பென்டிரைவோடு காகித நகல் ஒரு தொகுப்பும் கொண்டுவாருங்கள். பென்டிரைவ் திறக்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தையும் நாங்கள் தள்ளமாட்டோம். ஆனால் மற்ற எல்லா அலுவலகங்களும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. உங்கள் பென்டிரைவைத் திறந்து, அதில் மட்டுமே இருப்பது எது என்று பாருங்கள். அது வேறெங்கும் இல்லையென்றால், இரவு படுக்கப்போகும் முன் இன்னோர் இடத்தில் அதை வைத்துவிடுங்கள்.